விற்பதற்கு முன் வீட்டுக்குள் பெயின்ட் அடிக்கலாமா? சுவரைப் பார்த்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

வீட்டை விற்பது என்று முடிவானதும் குடும்பத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "ஒரு கோட் அடிச்சிட்டா பளிச்சுன்னு இருக்கும், விலையும் கூட்டிச் சொல்லலாம்" என்பது ஒரு கட்சி. "வாங்குறவங்க எப்படியும் கிரகப்பிரவேசத்துக்கு அவங்க இஷ்டத்துக்கு அடிக்கத்தான் போறாங்க, நம்ம காசு எதுக்கு தண்டம்?" என்பது இன்னொரு கட்சி. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஒரு மாதம் ஓடியது. அம்மா முதல் கட்சி, அப்பா இரண்டாவது. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்ததால்தான் முடிவெடுக்க அத்தனை நாள் ஆனது.

எங்களுடையது சென்னையில் பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. அதை விற்றபோது பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு சொந்தக்காரர்கள் வீடு விற்கும்போது கூட நின்று பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். கணக்குகள் தமிழ்நாட்டு நடைமுறைப்படி. நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயின்ட் அழுக்கைப் போக்கும், ஓதத்தை, அதாவது சுவரில் ஊறிய ஈரத்தை, போக்காது. உங்கள் சுவரில் இருப்பது எது என்று தெரிந்த பிறகுதான் பெயின்டருக்குப் போன் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் தெரிய வேண்டியது, அந்தச் சுவரைப் பார்க்க வரப்போகிறவர் யார் என்பது.

1. யார் வாங்குவார் என்று முதலில் யோசியுங்கள்

பழைய தனி வீடு, நல்ல இடம், பெரிய மனை என்றால் வாங்க வருகிறவர் பெரும்பாலும் இடத்துக்குத்தான் விலை பேசுவார். இடித்துவிட்டுக் கட்டப் போகிறவருக்கு உங்கள் ஹால் சுவர் எந்த நிறத்தில் இருந்தால் என்ன? பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, சாலை அகலம், இதைத்தான் பார்ப்பார். இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு வாளி பெயின்ட்கூடத் திறக்க வேண்டாம். கூட்டிப் பெருக்கி, ஒட்டடை அடித்து, லைட் எரிகிறதா என்று பார்த்தால் போதும். மிஞ்சும் காசில் ஒரு சர்வேயரை அழைத்து மனையை அளந்து வைத்துக்கொண்டால், பேச்சு நடக்கும்போது அது கை கொடுக்கும்.

வாடகைக்கு விடுவதற்காக வாங்குகிறவர் வேறு மாதிரி. மாதம் எவ்வளவு வாடகை வரும், எத்தனை நாளில் ஆள் வைக்கலாம் என்பதுதான் அவர் கணக்கு. சுவர் சுத்தமாக இருந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை மிச்சம். அந்த அளவுக்குத்தான் பெயின்டுக்கு அவரிடம் மதிப்பு.

மூன்றாவது வகை, பேங்க் லோன் போட்டுக் குடியேற வாங்குகிற குடும்பம். அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் இவர்கள்தான் வருவார்கள். இவர்கள் பக்கம் நின்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 லட்சம் ரூபாய் வீடு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது. அதாவது 56 லட்சம் வரை லோன், 14 லட்சம் கைக்காசு. அதோடு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து குறைத்த பிறகு இதுதான் கணக்கு. 70 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 6 லட்சத்து 30 ஆயிரம். இதற்கு லோன் கிடைக்காது. ஆக, சாவி கைக்கு வரும் முன்பே 20 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். புரோக்கர் கமிஷன், வீடு மாற்றும் செலவு தனி. நகையை அடகு வைத்து, மாமனாரிடம் கைமாற்று வாங்கி வருகிறவர்கள் இவர்கள்.

இந்த நிலையில் இருப்பவருக்கு "உள்ளே போனதும் குடியிருக்கலாம்" என்ற வீடு பெரிய நிம்மதி. பெயின்ட் வேலை முடியும்வரை இருக்கும் வீட்டுக்கு வாடகையும் கட்டி, இந்த வீட்டுக்கு இஎம்ஐயும் கட்ட வேண்டியதில்லை. சுவர் சுத்தமாக இருப்பதற்கு உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. லோனுக்காக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயது, பரப்பு, யூடிஎஸ் (மனையில் அந்த வீட்டுக்குரிய பங்கு), அனுமதி பெற்ற பிளான், அக்கம்பக்கத்து விலை என்று பார்க்கிறவர். புதுப் பெயின்டைப் பார்த்து அவர் மதிப்பை ஏற்றிப் போட மாட்டார். பெயின்ட் வேலை செய்வது வாங்குகிறவர் மனசில்தான்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் தெருவில் விற்பனைக்கு இருக்கும் வேறு இரண்டு மூன்று வீடுகளை வாங்குகிறவரைப் போலப் போய்ப் பாருங்கள். வாங்குகிறவர் உங்கள் வீட்டையும் அந்த வீடுகளையும் பக்கத்தில் வைத்துத்தான் யோசிப்பார். அங்கெல்லாம் சுவர் பாழாக இருந்தால், உங்கள் வீட்டைக் கழுவித் துடைத்தாலே முன்னால் வந்துவிடும்.

2. வீட்டைச் சுற்றி வாருங்கள், கையில் டார்ச்சோடு

நாம் வருடக்கணக்கில் இருக்கும் வீட்டில் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் சொந்தக்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து நடந்து வாருங்கள். நேராக அடித்தால் தெரியாத மேடு பள்ளம், உப்பிய இடம், பழைய பட்டி (சுவரைச் சமன் செய்யப் பூசும் மாவு) பெயர்ந்த ஓரம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் அப்படி நடந்தபோது அப்பாவின் கட்டில் பக்கம் சுவரில் ஒரு தலையளவு வட்டம் தெரிந்தது. பல வருடம் தேங்காய் எண்ணெய்த் தலையைச் சாய்த்து உட்கார்ந்து பேப்பர் படித்த இடம். அது எங்கள் யார் கண்ணிலும் பட்டதே இல்லை. கூட வந்த என் அத்தை அறைக்குள் நுழைந்ததும் அதைத்தான் பார்த்தார். வீடு பார்க்க வருகிறவரும் அதைத்தான் பார்ப்பார். ஸ்விட்ச் போர்டைச் சுற்றிய விரல் கறை, பூஜை அலமாரிக்கு மேல் விளக்குப் புகை, சாமி படத்தைக் கழற்றினால் பளிச்சென்று தெரியும் சதுரம், அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு, வாசல் நிலைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் அறைவாரியாக எழுதுங்கள். பென்சில் கோடுகளை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடித்த பிறகு நினைத்து வருத்தப்படுவீர்கள்.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். அழுக்கு: கறை, புகை, மங்கல், ஆணி ஓட்டை. ஓதம்: உப்பல், உதிரும் பொடி, பழுப்பு வளையம், கரும்பூஞ்சை. கட்டடக் கோளாறு: விரிசல், உதிரும் காரை, தெரியும் கம்பி. இந்தப் பிரிவினை சரியாக இருந்தால் பாதி முடிவு அப்போதே கிடைத்துவிடும்.

3. சுவரைச் சோதிக்கும் நான்கு வழிகள்

கையால் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது பழைய சுண்ணாம்போ, டிஸ்டெம்பர் என்ற மலிவுப் பூச்சோ. அதன்மேல் நேராக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) அடித்தால் சில மாதத்தில் தோல் தோலாக உரியும். சுரண்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சு போட்ட பிறகுதான் அடிக்க வேண்டும், செலவு கூடும்.

அடுத்து, விரல் முட்டியால் தட்டுங்கள். கெட்டியான சுவர் ஒரே மாதிரி ஒலிக்கும். காரை செங்கல்லை விட்டு விலகிய இடத்தில் சத்தம் பொக்கென்று கேட்கும். அங்கே பெயின்டருக்கு முன்னால் கொத்தனார் வர வேண்டும்.

மூன்றாவது, பாலித்தீன் சோதனை. சந்தேகப்படும் இடத்தில் ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம்; ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெருமளவு சரியாகும்.

நான்காவது, விரிசலைப் பாருங்கள். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு பல வீடுகளில் இருக்கும், அடைத்துப் பட்டி பார்த்தால் போதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கோடு, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அகலம், வருடா வருடம் திரும்பத் திறக்கும் கோடு, இவை எஞ்சினியர் பார்க்க வேண்டியவை. கூரையில் காரை விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலும் அப்படியே. கடலை ஒட்டிய பகுதிகளின் பழைய கட்டடங்களில் உப்புக் காற்றால் இது அதிகம். அதைப் பூசி மெழுகி பெயின்ட் அடிப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கீழே குடியிருக்கப் போகிறவர்கள் தலையில் விழக்கூடிய விஷயம்.

4. ஓதம் இருந்தால் பெயின்டை மறந்துவிட்டு அதைக் கவனியுங்கள்

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கு அது இருக்கும் இடமே துப்பு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் உப்பியிருந்தால், தரை வீட்டில், மண்ணிலிருந்து ஏறும் ஈரம். கூரையில் பழுப்பு வளையம் என்றால் மொட்டை மாடியோ மேல்வீட்டுக் குளியலறையோ. அலமாரிக்குப் பின்னால் சுவர் ஊறியிருந்தால், அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா, டைல்ஸ் இடுக்கு அடைப்பு போயிருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே மட்டும் என்றால் சன்ஷேடும் ஜன்னல் திண்டின் சரிவும்தான் சந்தேகத்துக்குரியவை.

சுவரில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது உப்பு. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். உலர்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்துப் பெருக்கி எடுக்க வேண்டும். அதுவும் ஈரத்தின் மூலத்தை அடைத்த பிறகு.

மூலத்தை அடைத்தபின் சுவர் காய நாள் பிடிக்கும். புதிதாகக் காரை பூசினால் சுமார் நான்கு வாரம் விட்டுத்தான் பெயின்ட் பக்கம் போக வேண்டும். அவசரம் பார்த்து ஒரு வாரத்தில் அடித்தால், வீடு பார்க்க ஆட்கள் வரும் நாளில் சரியாகக் கொப்புளம் கிளம்பும்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். "ஓதத்தை அப்படியே மூடி ஒரு கோட் அடிச்சிடுங்க, பத்திரம் முடியற வரைக்கும் தாங்கும்" என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவராவது வருவார். எங்களிடமும் ஒரு தரகர் சொன்னார். கேட்காதீர்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, விற்கிறவரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும் என்பது அதில் முதல் கடமை. தெரிந்தே மூடி அடித்த பெயின்ட் வாங்குகிறவரின் கண்ணை மறைக்கிறது. நாளை அவர் நோட்டீஸ் அனுப்பினால் "நீங்கள்தான் பார்த்து வாங்கினீர்கள்" என்ற பதில் நிற்காது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இருபது லட்சத்தைப் புரட்டிக்கொண்டு வருகிற குடும்பம் முதல் மழையில் சுவரைப் பார்த்து நம்மை என்ன நினைக்கும்?

சரிசெய்ய வசதியில்லை, நேரமில்லை என்றால் ஓதத்தை அப்படியே காட்டிவிட்டு, சரிசெய்ய ஆகும் செலவுக்கு எஸ்டிமேட் ஒன்று எழுதி வாங்கி வைத்து, விலையில் கழித்துக்கொடுங்கள். தொகை தாளில் இருந்தால் வாங்குகிறவர் அந்தத் தொகையைத்தான் பேசுவார். தாள் இல்லையென்றால் தன் பயத்துக்கு ஏற்ற தொகையைச் சொல்வார், அது எப்போதும் பெரியது.

5. முதலில் கழுவிப் பாருங்கள்

எமல்ஷன் அடித்த சுவர் என்றால் பல கறைகள் வாளித் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விடும் மெல்லிய துணியும் இருந்தாலே போகும். கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் கோடு கோடாக வடிந்து, காய்ந்த சுவரில் அப்படியே நிற்கும். டிஸ்டெம்பர் சுவரில் இதைச் செய்யக் கூடாது, நிறமும் சேர்ந்து வந்துவிடும். குளியலறைக் கூரையின் கரும்பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரால் துடைக்கலாம். கையுறையும் கண்ணுக்கு மறைப்பும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அதோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் எல்லோரும் இறங்கினால் இரண்டு படுக்கையறை வீடு முடியும். முடிந்ததும் ஃபேன் இறக்கை, டியூப் லைட், ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றையும் துடைத்துவிட்டு மறுநாள் காலை புதிதாக உள்ளே வருகிறவர் போல நுழைந்து பாருங்கள். அழுக்குப் பட்டியலில் பாதி அடிபட்டிருக்கும். மிச்சத்துக்குத்தான் பெயின்ட்.

6. கணக்கு

பெயின்டர்கள் சொல்லும் தோராயக் கணக்கு, வீட்டின் உள்பரப்பைப் போல மூன்று முதல் மூன்றரை மடங்கு, சுவரும் கூரையும் சேர்த்து. நீங்களே அளந்தும் பாருங்கள். 10க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. கூரை 120. மொத்தம் 520. அறை அறையாகக் கூட்டினால் கான்ட்ராக்டர் சொல்லும் அளவு சரியா என்று தெரிந்துவிடும். கதவு ஜன்னலைக் கழிக்காமல் அளப்பது சிலரது வழக்கம். அது தவறு என்று சொல்ல முடியாது, ஓரம் பிடிக்க நேரமாகும். ஆனால் அதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

உள்பரப்பு 750 சதுர அடி வீட்டுக்கு 2,400 சதுர அடி வேலை என்று வையுங்கள். உங்கள் ஊரில் மெட்டீரியலோடு சதுர அடிக்கு 15 ரூபாய் கேட்கிறார்கள் என்றால் 36,000. முழுக்கச் சுரண்டிப் பட்டி பார்க்க வேண்டும் என்றால் இந்தத் தொகை இரு மடங்கைக்கூடத் தொடும். இந்த 15 ரூபாயை எடுத்துக்காட்டுக்குத்தான் போட்டேன். நீங்கள் மூன்று பேரிடம் ரேட் கேட்டு அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிரில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, பேரத்தில் போகும் தொகை. 70 லட்சம் வீட்டில் ஒரே ஒரு சதவீதம் குறைத்தாலே 70,000. சுவர் அலங்கோலமாக இருப்பதைக் காட்டி ஒரு லட்சம் குறைக்கச் சொல்வது மிகச் சாதாரணம். இரண்டாவது, வீடு விற்காமல் கிடக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நீங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணம், மிச்சமிருக்கும் இஎம்ஐ. காலி வீடாக இருந்தால் கைவிட்டுப் போகும் வாடகையும் சேரும். பெயின்ட் செலவு இந்த இரண்டையும் சேர்த்த தொகையில் பாதிக்குள் அடங்கினால் நான் அடிக்கச் சொல்வேன். அதற்கு மேல் போனால் அடுத்த பகுதியில் சொல்லும் நடுவழியை எடுங்கள்.

"பெயின்ட் செலவை மூலதன ஆதாய வரியில் கழித்துவிடலாம்" (வீடு விற்ற லாபத்துக்கான வரி) என்ற நம்பிக்கையில் இறங்க வேண்டாம். பெயின்ட் பராமரிப்புச் செலவாகத்தான் பொதுவாகப் பார்க்கப்படுகிறது, வீட்டை மேம்படுத்திய செலவாக ஏற்பது கஷ்டம். பில்லை வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் கேளுங்கள், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமலே முடிவெடுங்கள்.

வாடகைக்கு விட்டிருந்த வீடாக இருந்து குடியிருந்தவர் காலி செய்கிறார் என்றால், சென்னையில் பல இடங்களில் பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் பிடித்திருந்தால், அந்தக் காசை அந்த வேலைக்கே செலவழித்துவிடுங்கள்.

7. முழு வீடும் அடிக்க வேண்டியதில்லை

எங்கள் வீட்டில் கடைசியில் எடுத்த முடிவு இதுதான். அம்மா, அப்பா இருவருமே ஒத்துக்கொண்டார்கள். ஹால் முழுக்க, சமையலறை முழுக்க, குளியலறைக் கூரை, அப்பாவின் அறையில் அந்த ஒரு சுவர். மற்ற அறை கழுவியதோடு சரி.

காரணம், வருகிறவர் முதலில் நிற்பது ஹாலில். பெண்கள் நேராகப் போவது சமையலறைக்கு. அங்கே சிங்க் அடியில் குனிந்து பார்ப்பார்கள். குளியலறையில் எல்லோரும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பார்கள், மேல்வீட்டுக் கசிவு இருக்கிறதா என்று. இந்த மூன்று இடமும் சுத்தமாக இருந்தால் படுக்கையறைச் சுவரில் இருக்கும் லேசான மங்கலை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பகுதி வேலையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். கறை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு திட்டு அடிப்பது. பழைய நிறத்தின் நம்பரே கையில் இருந்தாலும் ஒத்துப்போகாது, சுவர் பல வருட வெயிலிலும் புகையிலும் நிறம் மாறியிருக்கும். திட்டு பளிச்சென்று தெரிந்து, "இங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள்" என்று சொல்லாமல் சொல்லும். அடித்தால் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுச் சுவரையும் அடியுங்கள்.

வாசல் கதவை விட்டுவிடாதீர்கள். சாவி போடும் நேரத்தில் வருகிறவர் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார். தேக்குக் கதவு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு பாலிஷ், இரும்பு கிரில் என்றால் துரு நீக்கி ரெட் ஆக்சைடு, அதன்மேல் ஒரு எனாமல். பழைய வீடுகளின் கதவு, ஜன்னல் எனாமலைச் சுரண்டும்போது கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் அதிகம் இருந்திருக்கலாம். உலர்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசு வீடெங்கும் பறக்கும். தண்ணீர் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு நாளும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் வையுங்கள்.

8. நிறமும் தரமும்

விற்கிற வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் நம் ஆசைக்கு இடமில்லை. கூரைக்கு வெள்ளை, சுவருக்கு இளமஞ்சள் ஓடிய வெள்ளை. சென்னை வெயிலில் நீலம் ஓடிய வெள்ளை பகலில் கண்ணைக் கூசும், டியூப் லைட்டில் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வெளிச்சம் குறைந்த ஹாலுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே நிறம் எல்லா அறைக்கும் அடித்தால் மிச்சம் வீணாகாது, சின்ன வீடு கொஞ்சம் விசாலமாகவும் தெரியும். ஏற்கெனவே அடர் சிவப்பு, பச்சை, ஊதா என்று ஒரு சுவரை எடுப்பாக அடித்து வைத்திருந்தால், வீட்டில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் அந்தச் சுவரை மாற்றுங்கள். வாங்குகிறவரில் சிலர் வாஸ்து பார்த்து நிறம் கேட்பார்கள். வெளிர் நிறத்தை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

விலை உயர்ந்த, கழுவினாலும் போகாத பெயின்ட் வேண்டவே வேண்டாம். புது வீட்டுக்காரர் பால் காய்ச்சும் முன் தன் விருப்பத்துக்கு அடிக்க வாய்ப்பு அதிகம். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் சிக்கன வகை எமல்ஷன் இருக்கிறது. ஏசியன் பெயின்ட்ஸில் டிராக்டர் எமல்ஷன் அந்த வகை. அது போதும். டிஸ்டெம்பர் இன்னும் மலிவு என்றாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வருகிறவர் கையை வைத்துப் பார்த்தால் பொடி ஒட்டும், பின்னால் எமல்ஷன் அடிக்க நினைத்தால் அவர் அதைச் சுரண்ட வேண்டியிருக்கும்.

9. பெயின்டரிடம் பேசும்போது

"எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று வாய்வார்த்தையில் முடிக்காதீர்கள். ஒரு தாளில் எந்தச் சுவர், சுரண்டுவது உண்டா, பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா, எமல்ஷன் இரண்டு கோட், என்ன வகை, எத்தனை நாள், தரையை மூடுவதும் கடைசியில் துடைப்பதும் யார் பொறுப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். லேபர் மட்டும் பேசி மெட்டீரியலை நீங்களே வாங்கினால் கணக்கு கண்ணெதிரில் இருக்கும். வாளியின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம், லிட்டருக்கு எத்தனை சதுர அடி வரும் என்பது வாளியிலேயே அச்சாகியிருக்கும், படித்துப் பாருங்கள்.

எங்களுக்கு வந்த முதல் பெயின்டர் பிரைமரை விட்டுவிட்டு, பட்டியின்மேல் நேராக எமல்ஷன் அடித்துக்கொண்டு போனார். சமையலறை முடிந்த பிறகுதான் கவனித்தோம். சுவர் திட்டுத் திட்டாகப் பெயின்டைக் குடித்திருந்தது. தாளில் எழுதி வைத்திருந்ததால் சண்டையில்லாமல் மறுபடி அடித்துக்கொடுத்தார். கூலியில் கால் பங்கையாவது கடைசிக் கோட் காய்ந்து, பகல் வெளிச்சத்தில் நீங்கள் பார்த்து முடிக்கும் வரை கையில் வைத்திருங்கள்.

10. எப்போது அடிப்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்காதீர்கள், பட்டி காயாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் பெயின்டர்கள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் அவசர வேலை. என் கணிப்பில் நல்ல சமயம் ஆடி. ஆடியில் வீடு வாங்க, மாற யாரும் வர மாட்டார்கள், பெயின்டர்களும் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். அந்த மாதத்தில் வேலையை முடித்துவிட்டு ஆவணி பிறந்ததும் விளம்பரம் கொடுக்கலாம். தையில் விற்க நினைக்கிறவர்கள் ஓதச் சோதனையை மழைக்காலத்திலேயே செய்துவிடுங்கள். சுவர் உண்மையைச் சொல்லும் காலம் அதுதான்.

வேலை முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்து ஆட்களை வரச் சொல்லுங்கள். பெயின்ட் வாசனை வீசும் வீட்டுக்குள் நுழைகிறவர் மனதில் முதலில் வருவது "எதை மறைக்க அடித்திருக்கிறார்கள்?" என்ற கேள்வி.

11. வீடு பார்க்க வரும் நாளில்

கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: "ஹால், கிச்சன் மட்டும் ஆடியில் அடித்தோம். பாத்ரூம் பக்கச் சுவரில் ஓதம் இருந்தது. டைல்ஸ் எடுத்துச் சரிசெய்தோம், பில் இருக்கிறது." வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களைப் போனில் காட்டுங்கள். எங்கள் வீட்டை வாங்கியவர் அந்த போட்டோக்களை நின்று நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு சுவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேச்சு நேராக யூடிஎஸ்ஸுக்கும் கார் பார்க்கிங்குக்கும் போய்விட்டது.

மிச்சப் பெயின்டை மூடி இறுக்கி, வாளியின்மேல் நிறத்தின் பெயர், நம்பர், அடித்த மாதம், எந்த அறை என்று மார்க்கரால் எழுதி லாஃப்டில் வைத்துவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில், மீட்டர் அட்டையோடும் தண்ணீர் வரி ரசீதோடும் சேர்த்து, அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வாருங்கள்.